கல்வெட்டுப் பதிப்புகளின் மின்னுரையாக்கத்தில் புறநிரல் அழைப்பு: படவேட்டுச் சாசனங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

அச்சிலுள்ள கல்வெட்டுப் பதிப்புகளை மின்னுரையாக மாற்றும் பணியில் பைத்தான் போன்ற ஸ்கிரிப்ட் மொழிகள் பிற நிரல்களை அழைத்து வேலை வாங்குகின்றன. அவ்வழைப்பு பிழைபடும்போது தரவுத்தொகுப்பில் பக்கங்கள் அறியாமலே விடுபடுகின்றன. அத்தொகுப்பைக் கொண்டு ‘இச்சொல் வழக்கில் இல்லை’ என எட்டப்படும் முடிவு பொய்த்துவிடுகிறது. புறநிரல் அழைப்பு இயங்கும் முறை, தமிழ்த் தரவில் அது தரும் சிக்கல்கள், அவற்றைக் களையும் நெறிகள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: படவேடு, கல்வெட்டு, எழுத்துணரி, பைத்தான், ஷெல், குறிமுறை

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிப் பட்டுநெசவு வட்டாரத்தை ஒட்டிச் சவ்வாதுமலை அடிவாரத்தில் அமைந்துள்ளது படவேடு. சம்புவராயரின் தலைநகராக விளங்கிய இவ்வூர், விசயநகரக் காலத்தில் ‘படைவீட்டு இராச்சியம்’ என்னும் ஆட்சிப்பிரிவுக்குப் பெயர் தந்தது. ஹூல்ஷ் பதிப்பித்து 1890இல் வெளிவந்த ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதியில் இவ்வூர்ச் சாசனங்கள் இடம்பெற்றுள்ளன. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள் திருமணங்களைப் பொன் பெறாது கன்னியாதானமாகவே நடத்துவது எனச் செய்துகொண்ட உடன்படிக்கையும் (சகம் 1347, கி.பி. 1425-26) அதே தொகுதியில்தான் உள்ளது. எனினும் அது விரிஞ்சிபுரக் கோயிற் கல்வெட்டாகும். ஓர் ஊரைப் பற்றிய சான்று வேற்றூரில் கிடைப்பதால், தொகுதி முழுவதும் தேடத்தக்க மின்னுரையாக அமைவது இன்றியமையாததாகிறது.

புறநிரல் அழைப்பு

வருடப்பட்ட தொகுதி பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கிறது. அதன் பக்கங்களைப் படங்களாகப் பிரிக்கப் பாப்ளர் தொகுப்பிலுள்ள கருவியும், படத்திலுள்ள எழுத்தை உரையாக்க டெசராக்ட் எழுத்துணரியும் பயன்படுகின்றன. ஹியூலட்-பேக்கார்ட் நிறுவனத்தில் உருவான டெசராக்ட் 2005இல் திறமூலமாக்கப்பட்டது. இவை பைத்தானில் எழுதப்பட்டவை அல்ல. கட்டளை வரியில் தனித்து இயங்குபவை. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு ஒவ்வொன்றாகக் கட்டளை தட்டச்சிட இயலாது. ஆகவே பைத்தான் நிரல் அவற்றை வரிசையாக அழைக்கிறது.

யூனிக்ஸ் மரபில் இவ்வழைப்பு இரு படிகளில் நிகழ்கிறது. அழைக்கும் செயல்முறை முதலில் தன்னைப் போன்ற ஒரு சேய்ச் செயல்முறையை உருவாக்குகிறது. பின்னர் அச்சேய் தன்னிடத்தில் புதிய நிரலை ஏற்றி இயக்குகிறது. வேலை முடிந்ததும் சேய் ஒரு முடிவுக் குறியெண்ணைத் தாய்க்கு அளிக்கிறது. சுழியம் எனில் வெற்றி. வேறெந்த எண்ணும் தோல்வி என்பது மரபு.

பைத்தானில் இதற்கு எளிய பழைய வழி ‘ஓஎஸ்.சிஸ்டம்’. அது கட்டளையை ஒரே சரமாக ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. வெளியீட்டைத் திருப்பித் தருவதில்லை. 2004இல் வெளிவந்த 2.4ஆம் பதிப்பில் ‘சப்பிராசஸ்’ கூறு சேர்க்கப்பட்டது. அதன் ‘ரன்’ செயற்கூறு 2015இல் வந்த 3.5ஆம் பதிப்பு முதல் கிடைக்கிறது.

ஷெல் வழி அழைப்பின் இடர்

‘படவேடு கோயில் 12’ என ஒரு கோப்புக்குப் பெயரிடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இப்பெயர் மேற்கோள் குறியின்றிக் கட்டளைச் சரத்தில் சேருமானால், இடைவெளிகளைக் கொண்டு ஷெல் அதனை மூன்று சொற்களாகப் பிரித்துவிடும். எழுத்துணரி இல்லாத கோப்பைத் தேடித் தோற்கும். பெயரில் அரைப்புள்ளி இருப்பின் அதற்கடுத்த பகுதியை ஷெல் வேறொரு கட்டளையாக இயக்கும். அப்பகுதி கோப்புகளை அழிக்கும் கட்டளையாகவும் இருக்கலாம். பலர் கோப்புகளைப் பதிவேற்றும் பல்கலைக்கழக வழங்கியில் இது வெறும் கற்பனை இடரன்று. 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ‘ஷெல்ஷாக்’ குறைபாடு, பாஷ் ஷெல்லை அழைத்த இணைய வழங்கிகளைப் பெருந்தாக்குதலுக்கு உள்ளாக்கியது. வெளியிலிருந்து வரும் தரவை ஷெல்லுக்கு அருகில் விடலாகாது என்பதே அது உணர்த்திய பாடம்.

நிரலின் பெயரையும் அதற்குரிய உள்ளீடுகளையும் தனித்தனி உறுப்புகளாகக் கொண்ட பட்டியலை ‘சப்பிராசஸ்.ரன்’னுக்கு அளிப்பதே தீர்வு. அப்போது ஷெல் இடைப்படுவதில்லை. கோப்புப் பெயர் எத்தகையதாயினும் ஒரே உள்ளீடாகவே சென்று சேரும். சிறுகோட்டில் தொடங்கும் பெயரை மட்டும் நிரல் தன் விருப்பத்தேர்வாகக் கருதிவிடும். முழுப்பாதையுடன் பெயரைத் தருவது அதனைத் தவிர்க்கும்.

தமிழ்ப் பெயரும் குறிமுறையும்

யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியிடமும் 3 பைட்டு கொள்கிறது. ‘படவேடு’ 6 குறியிடங்கள், 18 பைட்டு. லினக்ஸில் பரவலாக வழங்கும் கோப்பமைப்புகள் ஒரு பெயருக்கு 255 பைட்டு வரையே இடமளிப்பதால், முழுதும் தமிழில் அமைந்த பெயர் 85 குறியிடங்களைத் தாண்டலாகாது. கல்வெட்டின் முழுத்தலைப்பையே கோப்புப் பெயராக்கும் வழக்கம் இவ்வெல்லையை எளிதில் மீறும்.

ஓகார உயிர்மெய் மற்றொரு சிக்கல். ‘கோயில்’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியிடமாகவும், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு இவை இரு வேறு பெயர்கள். ஆகவே பெயர்களை முன்கூட்டியே ஒரே இயல்பு வடிவத்துக்குக் கொணர்தல் வேண்டும். மேலும், விண்டோஸில் புறநிரலின் வெளியீட்டைப் பைத்தான் இயல்பாக யூடிஎஃப்-8 எனக் கொள்ளாமையால், தமிழ் உரை சிதையக்கூடும். குறிமுறையை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே முறை.

விடுபடும் பக்கங்கள்

‘ரன்’ செயற்கூறு தோல்விக் குறியெண்ணைப் பதிவுசெய்யுமேயன்றித் தானாக நிரலை நிறுத்தாது. ‘செக்’ தேர்வு இயக்கப்பட்டால் மட்டுமே பிழை எழுப்பப்படும். இது விடப்பட்ட நிரல், ஒரு பக்கம் தோற்றாலும் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடும்.

குறியெண் சுழியமாயினும் பணி செவ்வனே முடிந்ததென்று கொள்ளவியலாது. மங்கிய பக்கத்தில் எழுத்துணரி எதனையும் காணாமல் வெற்றுக் கோப்பை உருவாக்கி, வெற்றி என அறிவிக்கலாம். எனவே படங்களின் எண்ணிக்கையும் உரைக்கோப்புகளின் எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்து, வெற்றுக் கோப்புகளை மூலப் பக்கத்தோடு கண்ணால் ஒப்பிட வேண்டும்.

வெளியீட்டைக் குழாய் வழியே பெறும்போது வேறொரு முடக்கமும் நேரும். லினக்ஸில் குழாயின் இயல்புக் கொள்ளளவு 65,536 பைட்டு. தமிழில் ஏறத்தாழ 21,800 குறியிடங்கள். தாய் நிரல் வெளியீட்டைப் படிக்காமல் சேய் முடியட்டும் எனக் காத்திருக்க, குழாய் நிரம்பிய சேயோ தாய் படிக்கட்டும் எனக் காத்திருக்கும். ‘ரன்’ செயற்கூறு காத்திருக்கும்போதே வெளியீட்டைப் படிப்பதால் இம்முடக்கத்தைத் தவிர்க்கிறது. கால வரம்பும் குறித்துவிட்டால், ஒரு பழுதுற்ற பக்கம் முழுப்பணியையும் நிறுத்திவைக்காது.

முடிவுரை

2018இல் வந்த டெசராக்ட் 4ஆம் பதிப்பு நரம்பியல் வலையமைப்பு முறையை ஏற்றது. அதனால் ஒரே பக்கத்துக்கு முந்தைய பதிப்பும் பிந்தையதும் வெவ்வேறு உரையைத் தரக்கூடும். ஆகவே அழைக்கப்பட்ட கட்டளை, நிரலின் பதிப்பெண், முடிவுக் குறியெண், தோற்ற பக்கங்களின் பட்டியல் ஆகியவை மின்னுரையோடு சேர்த்தே பாதுகாக்கப்பட வேண்டும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதங்களையும் சிதைவுகளையும் குறிப்பது போன்றதே இது. விரிஞ்சிபுரக் கல்வெட்டு அச்சான ஒரு பக்கம் விடுபட்டாலும், தொகுதியில் தேடுபவருக்குப் படைவீட்டு அந்தணரின் உடன்படிக்கை இல்லாததாகிவிடும். அப்பக்கம் விடுபட்டது என்னும் குறிப்பு இருந்தால், அவர் அச்சுத் தொகுதியைத் தேடிச் செல்வார்.