குழந்தைப் பொருள் கடையும் கடைக்காரரின் பொறுப்பும்

கைக்குழந்தைகளுக்கான பொருள்களை மட்டுமே விற்கும் தனிக்கடைகள், ஒரு காலத்தில் பெருநகரங்களுக்கே உரியனவாக இருந்து, இன்று இந்தியாவின் சிறு நகரங்களிலும் பெருகி வருகின்றன. தமிழ்நாட்டில் மகப்பேறு மருத்துவமனைகள் இருக்கும் கடைத்தெருக்களில் இத்தகைய கடைகளை எளிதில் காணலாம். பார்வைக்கு இது துணிக்கடையின் ஒரு கிளை போலத் தோன்றினாலும், இரண்டு காரணங்களால் இதன் இயல்பு வேறானது. பொருளை வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் மற்றொருவர். அவ்வாறு பயன்படுத்தும் குழந்தைக்குத் துணி உறுத்துகிறது என்றோ, புட்டியின் நாற்றம் பிடிக்கவில்லை என்றோ சொல்லத் தெரியாது. அதோடு, எவ்வளவு நல்ல வாடிக்கையாளராக இருந்தாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அவருடைய குழந்தை வளர்ந்து, கடையின் தேவையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எதை எவ்வளவு வாங்கி வைப்பது, எதை விற்காமலே விடுவது என்னும் அறிவுதான் இத்தொழிலின் உண்மையான முதல். பணம் அதற்கு அடுத்ததே.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மகப்பேறுகளில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கையான மொத்தக் கருவள வீதம் இந்திய அளவில் 2.0 ஆகவும் தமிழ்நாட்டில் 1.8 ஆகவும் இருந்தது. முதல் எண் கடை எங்கே அமைய வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், பிள்ளைகளின் தொகை குறைந்தாலும் ஒரு பிள்ளைக்காகும் செலவு ஏன் கூடுகிறது என்பதை ஓரளவு விளக்குகிறது. மூத்த பிள்ளையின் சட்டை இளைய பிள்ளைக்கு வரும் வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஆயினும், மேலை நாட்டுக் கடைகளைப் பார்த்து அப்படியே சரக்கு நிரப்புவோர் முதல் ஆண்டிலேயே இடர்ப்படுவர். பிறக்கும் முன்பே குழந்தைக்கு அறையும் கட்டிலும் ஒழுங்கு செய்யும் வழக்கம் அங்கு உண்டு. தமிழ்க் குடும்பங்களிலோ குழந்தை நல்லபடியாகப் பிறக்கும் வரை பொருள் வாங்கத் தயங்குவதே பெருவழக்கு. பிறந்த பின்னரும், பலமுறை துவைத்து மென்மையேறிய பழைய வேட்டித் துணியே முதல் விரிப்பாகிறது, புடவையே தூளியாகிறது. இவ்விரண்டும் குழந்தைக்கு இதமானவை, செலவும் இல்லாதவை. அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழக அரசு 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத் திட்டம், துண்டு, படுக்கை, எண்ணெய், சோப்பு, கிலுகிலுப்பை உள்ளிட்ட 16 பொருள்களைக் கொண்டது. பின்லாந்து நாட்டில் 1938 முதல் வழங்கப்பட்டு வரும் தாய்மைப் பெட்டியோடு ஒப்பிடத் தக்க இத்தகைய திட்டங்கள் நடைமுறையில் உள்ள இடத்தில், முதல் வாரத் தேவைகளை நம்பிக் கடை தொடங்குவது அறிவுடைமையாகாது.

விற்பனை உண்மையில் சூடுபிடிப்பது தீட்டுக் கழித்துப் பெயர் சூட்டித் தொட்டிலிடும் நாளை ஒட்டியே. அப்போது கடைக்கு வருபவர்களுள் தாயைவிடத் தாய்மாமனும் அத்தையும் சித்தியுமே மிகுதி. அவர்கள் ஒரு தொகையை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தத் தொகைக்குள் பார்வைக்கு நிறைவான ஒரு பெட்டியைத் தேடுவர். தாயோ பாட்டியோ வரும்போது பெட்டி பொருட்டாகாது. துணியைத் தேய்த்துப் பார்ப்பர், முடிச்சுக் கயிறு வைத்த ஜப்லா இருக்கிறதா என்று கேட்பர். ஒரே கடையில் இந்த இரு சாராருக்கும் தனித்தனிச் சரக்கு வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆடைக் கொள்முதலுக்குத் தமிழக வணிகர்கள் நாடும் இடங்களுள் திருப்பூரின் காதர்பேட்டையும் ஈரோட்டின் வாரச் சந்தையும் முதன்மையானவை. ஏற்றுமதிக்காகத் தைத்து மீந்த சர்ப்ளஸ் சரக்கு காதர்பேட்டையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஐரோப்பிய ஆர்டர்களில் மீந்த ஆடைகளில் மாதக்கணக்கு அன்றிக் குழந்தையின் உயரமே சென்டிமீட்டரில் 56, 62, 68 எனக் குறிக்கப்பட்டிருக்கும். 62 என்பது ஏறக்குறைய மூன்று மாதக் குழந்தைக்கும் 68 என்பது ஆறு மாதக் குழந்தைக்கும் உரியது. இக்குறியீட்டை அறியாது மூட்டையாக வாங்குபவர், தம் ஊரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொளதொளவென்று இருக்கும் ஆடைகளோடு திரும்புவார். துணியின் இருபுறமும் வழவழப்பாக இருக்கும் இன்டர்லாக் பின்னல் கைக்குழந்தைக்கு ஏற்றது. ஒரு சதுர மீட்டர் துணியின் எடையைக் கிராமில் சொல்லும் ஜி.எஸ்.எம். என்னும் அளவு, வெயில் மிகுந்த நம் ஊர்களுக்குக் குறைவாக இருப்பதே நல்லது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஆடையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பது. தையல் ஓரத்தில் நீண்டு தொங்கும் நூல் குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கி இரத்த ஓட்டத்தையே தடுக்கக் கூடும். கழுத்தின் பின்புறம் தைத்த நைலான் லேபிள் தோலை உரசும். இழுத்தால் கழன்று வரும் டிச் பட்டன் நேரே குழந்தையின் வாய்க்குள் போகும். மொத்த வியாபாரியின் கடையிலேயே இவற்றைச் சோதிக்கும் பழக்கம் உள்ளவரிடம் வாங்கும் தாய்க்கு வீட்டில் கவலை குறைகிறது.

முதல் முடங்குவதும் ஆடையில்தான். ஒரு வடிவமைப்பை ஐந்து அளவுகளிலும் மூன்று நிறங்களிலும் வைத்தால் 15 உருப்படிகள் ஆகின்றன. இருபது வடிவமைப்புகளுக்கு 300 ஆகின்றன. இவற்றுள் நடு அளவுகள் முதலில் தீர்ந்துபோக, ஓர் அளவு இருந்து மற்றது இல்லாத ‘கட் சைஸ்’ நிலை விரைவில் வந்துவிடும். அந்நிலையை அடைந்த சரக்கை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதைவிட, வாங்கிய விலைக்கே தள்ளி அந்தப் பணத்தைப் புதிய சரக்காக மாற்றுவதே மேல். போட்ட முதல் ஓராண்டில் எத்தனை முறை சரக்காகிப் பணமாகித் திரும்புகிறது என்னும் சரக்குச் சுழற்சிதான் கடையின் ஆயுளை முடிவு செய்கிறது. ஓர் உருப்படியில் கிடைக்கும் இலாப விழுக்காட்டை மட்டும் பார்த்து மகிழ்வது ஏமாற்றத்தில் முடியும்.

டயப்பர் இதற்கு நேர்மாறானது. இலாபம் சொற்பம், 2010இல் புனேயில் தொடங்கிய பர்ஸ்ட்கிரை போன்ற பெருநிறுவனங்களும் இணைய வணிகத் தளங்களும் தரும் விலைக்குச் சிறுகடையால் இறங்கி வர இயலாது. ஆனால் அவசரத் தேவை இணையத்திற்காகக் காத்திருப்பதில்லை. இரவு எட்டு மணிக்குத் தீர்ந்துபோன டயப்பருக்காக வரும் தந்தையே மறுவாரம் சட்டை வாங்கவும் வருகிறார். எனவே டயப்பரை இலாபத்திற்கன்றி வரத்துக்காக வைத்திருப்பதே முறை. டயப்பர், பால் புட்டி ஆகியவற்றின் மீதான சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள், சொந்த மாநிலத்திற்குள்ளேயே விற்கும் கடைக்குப் பொதுவாக இவ்வரிப் பதிவு கட்டாயமில்லை. தொடக்க முதலுக்கு முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை தரும் கடன் பிரிவுக்கு, பொருத்தமாகவே, ‘சிசு’ என்று பெயர்.

பால் புட்டியையும் பால் மாவையும் பற்றிப் பேசும்போது, புதிதாகக் கடை வைப்போர் பலர் அறியாத ஒரு சட்டத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பன்னாட்டு நெறிமுறையைத் தழுவி, இந்தியா 1992இல் தாய்ப்பால் மாற்று, பால் புட்டி, குழந்தை உணவு ஆகியவற்றுக்கான ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, 2003இல் அதைத் திருத்திக் கடுமையாக்கியது. இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு உரிய இப்பொருள்களை விற்கத் தடையில்லை. ஆனால் விளம்பரப்படுத்துவதும், மாதிரிகளை இலவசமாகத் தருவதும், வாங்கத் தூண்டும் எவ்வகை ஊக்குவிப்பும் கூடாது. மீறினால் 3 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு. திறப்பு விழாச் சலுகையாகப் பால் புட்டியை இலவசமாகக் கொடுப்பதும், சிரிக்கும் குழந்தையின் படத்தோடு பால் மாவுக்குப் பதாகை கட்டுவதும் ஊரில் இயல்பாகத் தோன்றலாம். சட்டத்தின் கண்ணில் அவை குற்றம்.

இச்சட்டம் வெறும் அலுவலகக் கட்டுப்பாடு அன்று. தூய நீரும் புட்டியைக் கொதிக்க வைக்கும் வசதியும் குறைந்த வீட்டில், செலவைச் சுருக்கப் பால் மாவில் நீரைக் கூடுதலாகக் கலக்கும் தாயின் குழந்தை, ஒருபுறம் வயிற்றுப்போக்குக்கும் மறுபுறம் ஊட்டக் குறைவுக்கும் ஆளாகிறது. வளரும் நாடுகளில் இக்கொடுமை பெருமளவில் நிகழ்ந்ததாலேயே பன்னாட்டு நெறிமுறை பிறந்தது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் இந்திய அளவில் ஏறத்தாழ 64 விழுக்காடே என்று மேற்குறித்த கணக்கெடுப்பு காட்டுகிறது. பால் போதவில்லை என்று அஞ்சி வரும் இளந்தாயிடம் முதலில் மருத்துவரையோ கிராமச் சுகாதாரச் செவிலியரையோ பார்க்கச் சொல்லும் கடைக்காரர், ஒரு டின் விற்பனையை இழந்தாலும் தம் கடமையைச் செய்தவராவார். மருத்துவர் எழுதிக்கொடுத்த பின் வருபவருக்குக் காலாவதித் தேதி பார்த்துக் கொடுப்பதும் அதே கடமையின் பகுதிதான்.

பொம்மைகளுக்கும் விதி உண்டு. 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்னும் ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவுபெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கும், சன்னபட்டணத்து மரப் பொம்மை போன்று புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் அதில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. முத்திரையில்லாத மலிவுச் சரக்கில் வண்ணப்பூச்சின் ஈயமும் எளிதில் உடையும் சிறு துண்டுகளும் இருக்கக்கூடும் என்பதால், விலை எவ்வளவு கவர்ந்தாலும் அதைத் தவிர்ப்பதே தகும்.

ஆனால் சட்டம் தடுக்காத பொருளிலும் கடைக்காரர் தாமே முடிவெடுக்க வேண்டிய இடம் உண்டு. சக்கரம் பொருத்திய உட்காரும் வாக்கர் அதற்குத் தக்க சான்று. இந்தியக் கடைகளில் தாராளமாக விற்பனையாகும் இதைக் கனடா 2004இல் முற்றாகத் தடைசெய்தது. தானே நிற்கவும் திரும்பவும் இயலாத வயதில் குழந்தையை வேகமாக நகரச் செய்து, படிக்கட்டுக்கும் அடுப்பங்கரைக்கும் கொதிக்கும் பாத்திரத்திற்கும் அருகில் கொண்டுபோய் விடுவதோடு, நடை பழகுவதை இது விரைவுபடுத்துவதும் இல்லை. கேட்டு வருபவரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, அதற்கு ஈடாக மூன்று சக்கர மர நடைவண்டியைக் காட்டலாம். எழுந்து நின்று, கைப்பிடியைப் பிடித்து, தன் கால்வலுவால் தள்ளினால் மட்டுமே அவ்வண்டி நகரும். நிற்கத் தொடங்காத குழந்தைக்கு அதை வாங்கவே தேவையில்லை. அளவு பார்த்து அடுக்க வேண்டாத, ஆண்டு கடந்தாலும் ‘கட் சைஸ்’ ஆகாத சரக்கும் அதுவே.