கணினியும் ஒலிச் சேவையகமும்

ஓசையை அளந்து ஆராயும் நெறி மட்டக்களப்பு மண்ணுக்குப் புதியதன்று. காரைதீவில் தோன்றிய விபுலாநந்த அடிகளார், 1947ஆம் ஆண்டில் வெளிவந்த யாழ் நூலிலே, பண்டை இசையின் சுருதிகளைக் கணித முறையால் ஆராய்ந்தார். அவ்வளவை நோக்கினைத் துணைக்கொண்டு, கணினியில் ஒலியைப் பகிர்ந்தளிக்கும் சேவையகத்தை மாற்றியமைப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

வடமோடி, தென்மோடிக் கூத்துக்களில் அண்ணாவியாரின் மத்தளமே பாட்டினை நடத்துவது. புளியந்தீவில் ஒருவர் தம் மேசைக் கணினியில் மத்தளத்தை முதலிற் பதிந்து, அதனைக் கேட்டவாறே பாட்டையும் பதிய முனைகின்றார் எனக் கொள்வோம். பாடுவோர் தம் குரலைக் கணினி வழியாகச் செவிக்கருவியிற் கேட்குங்கால், அது பிந்தி வந்து தாளத்தைக் குலைக்கும்.

இதன் காரணம் யாது? கணினி ஒலியைத் தொகுதி தொகுதியாகவே கையாளும். வினாடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்குமிடத்து, 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதியொன்று நிறைய ஏறத்தாழ 21 மில்லிவினாடி செல்லும். உட்புகுதற்கு ஒன்று, வெளிவருதற்கு ஒன்று எனக் கொள்ளின் தாமதம் 43 மில்லிவினாடியாகும். 15 மீற்றருக்கு அப்பால் நின்று பாடுவாரைக் கேட்டலை இது ஒக்கும். தொகுதியை 256 மாதிரிகளாகக் குறைப்பின் தாமதம் 11 மில்லிவினாடி. தூரமோ நான்கு மீற்றருக்கும் குறைவு.

லினக்ஸ் கணினியில் அல்சா என்பது ஒலியட்டையை இயக்கும். சேவையகம் அதன்மேல் நின்று பல செயலிகளின் ஒலியைக் கலந்தளிக்கும். பல்ஸ்ஓடியோ அன்றாடக் கேள்விக்கும், ஜாக் தாமதங்குறைந்த இசைப்பதிவுக்கும் ஏற்றவை. இரண்டும் ஒரே அட்டையை நாடின் முரண்படும். 2017இல் அறிமுகமான பைப்வயர் இவ்விரண்டின் பணியையும் ஒருங்கே ஆற்ற வல்லது. புதிய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் இதுவே இயல்பாய் அமைந்துள்ளது.

பழைய அமைப்பை உடையோர், பைப்வயருடன் வயர்பிளம்பர் என்னும் மேலாளியையும், பல்ஸ்ஓடியோவுக்கும் ஜாக்குக்கும் உரிய இணைப்புப் பொதிகளையும் நிறுவுதல் வேண்டும். பின்னர்ப் பல்ஸ்ஓடியோச் சேவையை நிறுத்தி, அது தானாக மீண்டெழாவண்ணம் முடக்கி, பைப்வயர்ச் சேவைகளை இயக்கி, கணினியிற் புதிதாக உள்நுழைக. அதன் பின்னரே தொகுதியின் அளவைக் குறைத்தல் முறை.

எனினும், சிறுமையே சிறப்பெனக் கருதற்க. வேகங்குறைந்த கணினி தொகுதியை உரிய வேளையில் நிரப்பத் தவறின், இடையிடையே வெடிப்பொலி எழும். அவ்விடத்து இழந்த ஓசை மீளாது. அந்நிலையில் 512க்கு உயர்த்துதலே அறிவுடைமை. முதிய அண்ணாவிமாரின் பாட்டு ஒருமுறையே பதிவுக்குக் கிட்டலாம். ஆதலின், அளவறிந்து அமைத்த பின்னரே அவரைப் பாட அழைத்தல் நம் கடனாம்.