பக்கத்து மேஜைக்காரரின் உயர்வு

உத்தியோக உயர்வுப் பட்டியல் வெளியாகும் மாலையில் நம் இல்லங்கள் சிலவற்றில் காப்பி ஆறிப்போகும். உடன் சேர்ந்தவர் மேலதிகாரியாகிவிட்டார். நமக்கு அதே நாற்காலி. அவ்வெரிச்சல் தமக்கு வந்ததேயில்லை என்பவரை நான் நம்புவதில்லை.

இதே கல்கத்தாவில், பௌபஜார் தெரு 210ஆம் எண் ஆய்வுக்கூடத்தில், நம்மவர் இருவர் சேர்ந்து உழைத்தனர். ஒருவர் சர் சி. வி. ராமன், மற்றவர் அவருடைய மாணவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். புதிய ஒளிச்சிதறலைப் பற்றி 1928 மார்ச்சு 31 'நேச்சர்' இதழில் வந்த குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. ஆனால் கண்டுபிடிப்பு 'ராமன் விளைவு' என்றே வழங்கலாயிற்று. 1930இல் நோபெல் பரிசும் ராமன் ஒருவருக்கே கிடைத்தது.

குருவுக்குரியது குருவுக்குச் சென்றது என்று சொல்லிவிடலாம். கருவியருகே நின்று அவ்வொளியைத் தம் கண்ணாலேயே கண்டவருக்கு அச்சமாதானம் எவ்வளவு தூரம் போதும்?

பரிசுச் செய்தி வந்தபோது கிருஷ்ணன் கல்கத்தாவில் இல்லை. 1928 இறுதியிலேயே டாக்கா பல்கலைக்கழகம் சென்று, படிகங்களின் காந்த இயல்பை ஆராயத் தொடங்கியிருந்தார். அது அவருக்கே உரிய துறையாயிற்று. பட்டியலை நான்காம் முறை புரட்டுகிற நம் நண்பருக்கு, அப்படித் தமக்கென்று ஒரு வேலை கைவசம் உண்டா? அதைத்தான் அவர் இல்லத்தார் பரிவோடு கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தையன்று.

1933இல் கிருஷ்ணன் அதே பௌபஜார் ஆய்வுக்கூடத்துக்கு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார்.