ஓர் அடைப்புக்குறி செய்யும் வேலை

இணையக் கடையில் நீங்கள் சட்டை வாங்கினால், அந்த ஆர்டருக்கென ஒரு பணிப்பாய்வு தொடங்கும். பணத்தைச் சரிபார்ப்பது, பொட்டலம் கட்டுவது, அனுப்புவது என எல்லாம் முடியும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். டெம்போரல் போன்ற மென்பொருள்கள் இப்படி ஆயிரக்கணக்கான பணிகளை ஒரே நேரத்தில் கவனிக்கின்றன. அவற்றில் வேண்டியதை மட்டும் பொறுக்கியெடுக்க எழுதும் நிபந்தனையே வினவல்.

ஈப்போ, கிள்ளான் ஆகிய ஊர்களில் பணம் கட்டாத ஆர்டர்களை மட்டும் நிறுத்த வேண்டும். வினவலைத் தமிழில் எழுதினால்:

ஊர் = ஈப்போ அல்லது ஊர் = கிள்ளான் மற்றும் பணம் = கட்டவில்லை

சரியாகத்தானே தோன்றுகிறது? கணினியோ ‘மற்றும்’ என்பதை முதலில் பார்க்கும், 2+3×4 என்பதில் பெருக்கலை முதலில் செய்வதுபோல. (‘மற்றும்’ என்பதைப் பெருக்கலாகவே எழுதிக் காட்டியவர், 19ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஜார்ஜ் பூல்.) ஆகவே ஈப்போவில் பணம் கட்டியவர்களின் ஆர்டர்களும் சிக்கிக்கொள்ளும்!

(ஊர் = ஈப்போ அல்லது ஊர் = கிள்ளான்) மற்றும் பணம் = கட்டவில்லை

இப்போது சரி.

டெம்போரலில், வினவலுக்குப் பொருந்தும் பணிகள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நிறுத்திவிடலாம். அதனால் அதே வினவலைக் கொடுத்து, எத்தனை சிக்குகின்றன என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். 40 வரும் என்று நினைத்த இடத்தில் 4,000 வந்தால், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.