கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கதைநூல்

1931ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த சிற்றூர்களுக்கு ஒரு மாட்டு வண்டி செல்லத் தொடங்கியது. அதில் இருந்தவை நெல் மூட்டைகள் அல்ல, நூல்கள். நூலகத்தை நாடி வர இயலாத மக்களைத் தேடி நூலகமே புறப்பட்டது. சீர்காழியில் பிறந்தவரும் சென்னைப் பல்கலைக்கழக நூலகருமான எஸ். ஆர். அரங்கநாதன், நூலகவியலுக்கு அடிப்படையான ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் ஒவ்வொருவருக்கும் ஏற்ற நூல் கிடைத்தல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று.

தொடக்கப்பள்ளியில் பயிலும் குழந்தைக்கு ஏற்ற நூல் எது? தமிழ்நாட்டிற்கு வெளியே வளரும் குழந்தையைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. தில்லியிலோ மும்பையிலோ வாழும் தமிழ்க் குடும்பத்துக் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் இந்தி பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலம் படிக்கிறது. தமிழ் எழுத்துகள் அதற்குக் கடைசியாகவே அறிமுகம் ஆகின்றன. ஆகவே ஒன்பது வயதுக் குழந்தையின் தமிழ் வாசிப்பு ஐந்து வயதுக்குரிய நிலையில் இருக்கலாம். அதன் அறிவும் ஆர்வமுமோ ஒன்பது வயதுக்கு உரியவை. பக்கத்திற்கு ஒரு சொல் உள்ள படநூலைக் கொடுத்தால், "இது பாப்பாவுக்கு உரியது" என்று தள்ளிவிடும். வயதுக்குரிய கதைநூலைக் கொடுத்தால் முதற்பத்தியிலேயே களைத்துவிடும். வாசிப்பில் விருப்பம் இல்லை என்று பெரியோர் எண்ணுவது பெரும்பாலும் இந்தக் களைப்பைத்தான்.

களைப்பிற்குக் காரணங்கள் உண்டு. இந்தி எழுத்துகளை முதலில் கற்ற குழந்தை, ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று பழகியிருக்கும். இந்தியில் ககர வரிசையில் மூக்கொலி எழுத்து நீங்கலாக நான்கு எழுத்துகள் உள்ளன. தமிழில் அந்நான்கின் இடத்திலும் 'க' ஒன்றே நிற்கிறது. 'கல்', 'பக்கம்' ஆகிய சொற்களில் அது வன்மையாக ஒலிக்கிறது. 'தங்கம்' என்பதில் மென்மை பெறுகிறது. 'பகல்' என்பதில் மேலும் குழைகிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் பகரம் இரண்டு முறை வருகிறது; இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. 'பகல்' என்பதைக் ககரம் அழுத்தி 'பக்கல்' போலப் படிக்கும் குழந்தைக்கு, நாள்தோறும் தன் நாவில் புழங்கும் அச்சொல்லே அயற்சொல்லாகத் தோன்றுகிறது. எழுத்துத் தெரிகிறது, பொருள் தெரிவதில்லை.

பேச்சு வழக்கிற்கும் எழுத்து வழக்கிற்கும் இடையே உள்ள தொலைவு மற்றொரு தடை. அம்மா 'வந்தாங்க' என்கிறார். நூல் 'வந்தார்கள்' என்கிறது. 'வீட்ல' என்று கேட்டுப் பழகிய செவிக்கு 'வீட்டில்' என்பது பாடம் ஒப்பிப்பது போல் இருக்கிறது.

இவ்விரண்டு தடைகளையும் ஒருங்கே தணிப்பது, உரக்கப் படித்துக் காட்டுதல். பெரியவர் ஒருவர் படிக்க, அருகில் அமர்ந்து பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கும் குழந்தை, ககரம் எங்கே குழையும் என்பதை இலக்கண விதியின்றியே அறிந்துகொள்கிறது. 'வந்தார்கள்' என்பது கதை பேசும் மொழி என்பதும் மெல்ல விளங்கிவிடுகிறது. மனப்பாடமான பாடலை அச்சில் விரல் வைத்துத் தொடர்வதும் இவ்வாறே பயன் தரும். சொல் முன்பே தெரியுமாதலால் எழுத்து தானாக அதனோடு பொருந்திவிடும். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் ஓசை நயம் மிக்கவை. இதற்கு மிகவும் ஏற்றவை. படித்துக் காட்டுபவர் தாய் தந்தையராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஏழாம் வகுப்பில் பயிலும் அக்காவும் படிக்கலாம். ஊரில் இருக்கும் தாத்தா தொலைபேசி வழியாகவும் படிக்கலாம். அக்கா சில இடங்களில் தடுமாறினாலும் குற்றமில்லை. தடுமாறிப் பின் தொடரலாம் என்பதைத் தம்பி அங்கேதான் கற்கிறான்.

அடுத்தது தெரிவு. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை நடத்தும் வாசிப்பு இயக்கத்தில் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டுள்ளன. வகுப்பை வைத்து அன்றி, வாசிப்புத் திறனை வைத்து நூலைத் தேர்ந்துகொள்ள இம்முறை இடம் தருகிறது. 1957இல் தொடங்கப்பட்ட தேசியப் புத்தக நிறுவனம் 'நேரு பால புஸ்தகாலயம்' என்னும் வரிசையில் சிறுவர் நூல்களைத் தமிழிலும் வெளியிட்டுள்ளது. படங்கள் நிறைந்த இந்நூல்களுள் விலங்கு, ஆறு, பயணம் எனப் பல பொருள்கள் உண்டு. எதை எடுப்பது, எதைப் பாதியில் வைப்பது என்னும் உரிமை குழந்தையிடம் இருக்கட்டும். ஒரே நூலைப் பத்து முறை கேட்டாலும் தடுக்க வேண்டா. ஒவ்வொரு கதைக்கும் பின், "இதனால் அறியும் நீதி யாது?" என்று வினவுவதையும் தவிர்க்கலாம். பயிற்சி நூலில் வினா வருவது இயல்பு. கதைநூலைத் தேர்வுத்தாளாக்கினால் குழந்தை அடுத்த முறை அலமாரிப் பக்கமே வராது.

வெளிமாநிலங்களில் தமிழ் நூல் கிடைப்பது அரிது என்பர். அது முழு உண்மையன்று. தில்லித் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் உண்டு. கொல்கத்தாவின் தேசிய நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. 'ஸ்டோரிவீவர்' இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை நிலைவாரியாகக் கட்டணமின்றிப் படிக்கலாம். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும் குடும்பங்கள் முறுக்கும் ஊறுகாயும் கொண்டு வருகின்றன. அப்பெட்டியில் நான்கு மெல்லிய கதைநூல்களுக்கும் இடம் இருக்கும். கொண்டு வந்தவற்றைப் பூட்டிய கண்ணாடி அலமாரியில் அடுக்காமல், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில், முகப்பு அட்டை தெரியுமாறு வைத்தல் நலம். அக்கா சுவையான இடத்தில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து செல்லும்போது, திறந்து கிடக்கும் பக்கத்தைத் தம்பி தன்பால் இழுத்துக்கொள்ள ஏதுவாக இருக்கும்.