மேட்ச் முடிஞ்சது!



விருதுநகருக்கு வந்தவன் எண்ணெயும் வத்தலும் பருப்பும் பேசணும். சிவகாசிக்கு வந்தவன் நெருப்பைப் பேசணும். நான் தமிழ் வாத்தியார். எனக்குத் தெரிஞ்ச சரக்கு சொல் ஒண்ணுதான். அதனால ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு வந்திருக்கேன். அதுவும் ஆங்கிலச் சொல். ஆனா படிக்காத பாட்டிக்கும் தெரிஞ்ச சொல். 'மேட்ச்'!

ஒரு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க. பையன் டி.வி. முன்னாடி உட்கார்ந்திருக்கான். "சாப்பிட வாடா"ன்னா, "மேட்ச் ஓடுதும்மா"ங்கிறான். பொண்ணு புதுச் சேலையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. "இதுக்கு மேட்சா பிளவுஸ் துணி எடுக்கணும்"ங்குது. திண்ணையில தரகர் வந்து உட்கார்ந்திருக்கார். "பையனுக்கு நல்ல மேட்ச் ஒண்ணு வந்திருக்கு"ங்கிறார். வாசல்ல ஒரு லாரி போகுது. அதுல என்ன எழுதியிருக்கு? ஏதோ ஒரு 'மேட்ச் ஒர்க்ஸ்'. ஒரே வீடு, ஒரே நேரம், ஒரே சொல். நாலு பேருக்கு நாலு பொருள்.

நம்ம தொல்காப்பியர் இதுக்கு அன்னைக்கே ஒரு பேர் வச்சார்: பலபொருள் ஒருசொல். அதையும் ரெண்டாப் பிரிச்சார். சில சொல்லுக்கு, பக்கத்துல வர்ற வினைச்சொல்லே பொருளைக் காட்டிக் கொடுத்துடும். 'மா பூத்தது'ன்னா மாமரம். 'மா ஓடிற்று'ன்னா விலங்கு. மரம் ஓடாது, குதிரை பூக்காது. ஆனா 'மா வீழ்ந்தது'ன்னு சொன்னா? மரமும் விழும், குதிரையும் விழும். அப்ப வினை உதவாது. எது விழுந்ததுன்னு எடுத்துச் சொல்லணும்.

இந்த இலக்கணத்தை அப்படியே மேட்சுக்குப் போட்டுப் பாருங்க. 'மேட்சில ஜெயிச்சான்' - விளையாட்டு. 'மேட்ச் எரிஞ்சது' - தீக்குச்சி. 'கலர் மேட்ச் ஆகலை' - துணி. இல்லேன்னா சிவகாசி அச்சகம். இதெல்லாம் முதல் வகை. இப்ப ஒருத்தர் சிவகாசியிலிருந்து போன் பண்ணி, "அண்ணாச்சி, மேட்ச் முடிஞ்சது"ங்கிறார். என்ன முடிஞ்சது? கிரிக்கெட்டா? பொண்ணு பேசி முடிச்சிட்டாங்களா? தீப்பெட்டி லோடு ஏத்தி முடிஞ்சதா? எடுத்துச் சொன்னாத்தான் புரியும். இது ரெண்டாம் வகை. எங்கேயோ இங்கிலாந்துல பிறந்த சொல் தொல்காப்பியர் போட்ட கோட்டுக்குள்ள நடக்குது பாருங்க!

சரி, ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எப்படி வந்தது? உண்மையில அது ஒரு சொல்லே இல்லை. ஒரே வகுப்புல ரெண்டு முருகன் இருக்கிற மாதிரி, ரெண்டு வீட்டுப் பிள்ளைகள், ஒரே பேர்.

முதல் மேட்ச் பழைய ஆங்கில வீட்டுப் பிள்ளை. அதுக்கு மூலப்பொருள் துணை, கூட்டாளி, வாழ்க்கைத் துணை. துணைன்னா இணை. இணைன்னா சமம். சமமான ரெண்டு பேர் மோதினா அது போட்டி. இப்படித்தான் கல்யாண மேட்சும், சேலை மேட்சும், கிரிக்கெட் மேட்சும் ஒரு வயித்துல பிறந்தது.

ரெண்டாவது மேட்ச் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளை. அதுக்குப் பொருள் என்ன தெரியுமா? திரி! விளக்குத் திரி. அப்புறம் பீரங்கிக்கு நெருப்பு வைக்கிற திரிக்கயிறு. 1827-இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்கிற மருந்துக்கடைக்காரர், உரசினால் பற்றுகிற குச்சியை விற்க ஆரம்பித்தார். நாளாவட்டத்தில் திரியோட பேரைக் குச்சி எடுத்துக்கிட்டது.

இங்கேதான் நம்ம பாட்டிக்கு ஒரு கும்பிடு போடணும். பாட்டி தீப்பெட்டியை என்னன்னு சொல்லும்? 'வத்திப்பெட்டி'. வத்தி என்பது 'வர்த்தி'. வர்த்தின்னா திரி. ஊதுவத்தி, மெழுகுவத்தி எல்லாம் அந்த வத்திதான். மேட்ச் பாக்ஸை இதைவிடச் சுத்தமா எந்தப் பேராசிரியராவது மொழிபெயர்க்க முடியுமா? ரெண்டு குடும்பத்துக்கு நடுவுல மூட்டிவிடுறவனை 'வத்தி வச்சிட்டான்'னு சொல்றோமே, அங்கேயும் அதே திரிதான் எரியுது.

பட்டாசுத் தொழில்ல அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோட இருக்கு. வெடிமருந்து பூசின திரியை ஆங்கிலத்துல 'பிளாக் மேட்ச்'ம்பாங்க. சிவகாசியில அதுக்குப் பேர் 'கருந்திரி'. சொல்லுக்குச் சொல் அதேதான். அந்தக் கருந்திரியை உரிமம் இல்லாம வீட்டுக்குள்ள வச்சுத் தயாரிக்கும்போது நடக்கிற விபத்தைப் பத்திரிகையில படிக்கிறோமே, அப்ப அந்தச் சொல் அகராதிச் சொல்லாத் தெரியுறதில்லை, நெஞ்சு பதறுது.

ஆங்கிலத்துல ரெண்டு வீட்டுப் பிள்ளைன்னு சொன்னேன். தமிழைப் பாருங்க. 'பொரு' - போரிடு. சங்க இலக்கியத்துல பொருநன் என்றால் போர்வீரன். அது போட்டி. அதே 'பொரு'வுக்கு ஒத்திரு, நிகராக இரு என்கிற பொருளும் உண்டு. அது சமம். 'பொருத்தம்' - ஜாதகம் பார்க்கிறவர் பத்துப் பொருத்தம் சொல்றாரே, அது கல்யாணம். 'பொருத்து' - ரெண்டு பலகையைப் பொருத்து, அது இணைப்பு. அப்புறம் அடுப்பைப் பொருத்து, விளக்கைப் பொருத்து! அது நெருப்பு. போட்டி, சமம், கல்யாணம், நெருப்பு. மேட்ச் என்கிற சொல்லுக்குள்ள என்னென்ன இருக்கோ அத்தனையும் 'பொரு', 'பொருத்து' ரெண்டுக்குள்ள இருக்கு. நான் பெருமைக்குச் சொல்லலை. இதுல ஒரு பாடம் இருக்கு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அந்தப் பாடத்தைத் தீப்பெட்டியே சொல்லும். அடுத்து வந்த குச்சிகளை எங்கே உரசினாலும் பத்தும். சுவரில பத்தும், செருப்பில பத்தும், பையில இருக்கும்போதே பத்தும். அதுக்கு வெள்ளைப் பாஸ்பரஸ் போட்டாங்க. அந்த நஞ்சு, வேலை செய்தவங்க தாடை எலும்பையே அரிச்சது. லண்டன் தீப்பெட்டி ஆலையில வேலை பார்த்த பெண்கள் 1888-இல் வேலைநிறுத்தம் செய்தாங்க. அவங்க சொன்ன குறைகள்ல அந்த நஞ்சும் ஒண்ணு. இந்தியாவில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்து சட்டம் வந்தது 1913-இல்.

இதுக்கு மாற்று எப்படி வந்தது? சுவீடன்காரர்கள் ஒரு வேலை செய்தாங்க. ஆபத்தான ரெண்டையும் பிரிச்சு வச்சாங்க. பொட்டாசியம் குளோரேட்டைக் குச்சித் தலையில வச்சாங்க. நஞ்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியோட பக்கவாட்டில பூசினாங்க. தனித்தனியா இருந்தா ரெண்டும் சாதுவா இருக்கும். உரிய நேரத்துல, உரிய கை உரசினா சுடர் வரும். குச்சிக்கும் பெட்டிக்கும் பொருத்தம் இருந்தாத்தான் நெருப்பே பொருந்தும்! மேட்சுக்கு மேட்ச் வேணும். இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கிறது இந்தப் பாதுகாப்புத் தீப்பெட்டிதான்.

இந்தத் தொழிலை 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்க் கத்துக்கிட்டு வந்தவங்க சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும். மழை இல்லாத கந்தக பூமி. விவசாயம் கைகொடுக்கலை. வெயில்தான் இருந்தது. அந்த வெயிலையே மூலதனமா வச்சாங்க. குச்சி காயும், பெட்டி காயும். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பு, மத்தாப்பிலிருந்து பட்டாசு, லேபிள் அடிக்கப் போய் அச்சுத் தொழில். மண்ணுக்கும் தொழிலுக்கும் அவ்வளவு நல்ல பொருத்தம்.

ஆனா ஒரு பொருத்தம் தப்பாப் போச்சு. குழந்தைகள். விடியறதுக்கு முன்னாடி வண்டி வரும். தூக்கக் கலக்கத்துல பிள்ளைகளை ஏத்தி அனுப்புவாங்க. 'தீப்பெட்டி ஆபீஸ்'ல கட்டை அடுக்கிறதும் பெட்டி ஒட்டுறதும் அந்தச் சின்ன விரல்கள். "சின்ன விரல்தான் இந்த வேலைக்குப் பொருத்தம்"னு அதுக்கு நியாயம் வேற சொன்னாங்க. எப்பேர்ப்பட்ட சொல்லை எதுக்குப் பயன்படுத்தினாங்க பாருங்க! பள்ளிக்கூடத்துல மதியச் சோறு போட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்ட காமராசர் 1903-இல் பிறந்த மண் இந்த விருதுநகர். அதே மாவட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வேலைக்குப் போனாங்க.

1986-இல் சட்டம் வந்தது; தீப்பெட்டி, பட்டாசு வேலைகள்ல 14 வயசுக்குக் கீழே ஆளை வைக்கக் கூடாதுன்னு. அது மட்டும் போதலை. எம்.சி. மேத்தா என்கிற வழக்கறிஞர் சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுத்த வழக்குல, 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதியில கட்டணும்; அந்தக் குழந்தை வீட்டுல பெரியவங்க ஒருத்தருக்கு வேலை தர அரசு முயலணும்; முடியலேன்னா அரசு 5,000 ரூபாய் போடணும். அந்த ரெண்டாவது பகுதியைக் கவனிங்க. பிள்ளையை வெளியே அனுப்பினா மட்டும் போதாது, அந்த வீட்டு அடுப்பு எரியணும்னு நீதிமன்றம் நினைச்சது. 2016-இல் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான தொழில்கள்ல 18 வயசுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாதுன்னு ஆக்கினாங்க.

அடுப்பு எரியணும்னா கூலி வேணும். கூலி வேணும்னா விலை வேணும். ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 14 வருஷம் ஒரு ரூபாயாகவே இருந்தது. அரிசி ஏறுச்சு, எண்ணெய் ஏறுச்சு, பஸ் டிக்கெட் ஏறுச்சு. தீப்பெட்டி 2 ரூபாய் ஆனது 2021 டிசம்பர் 1-ஆம் தேதிதான். அதுக்குள்ள பிளாஸ்டிக் லைட்டர் எதிரே வந்து நின்னுடுச்சு. 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் மத்திய அரசு தடுத்தது. குச்சிக்கும் லைட்டருக்கும் நடக்கிற அந்த மேட்ச் இன்னும் முடியலை.

ஆகவே அன்பர்களே, பொருத்தம் பார்க்கிறது ஜாதகக் கட்டத்துக்குள்ள மட்டும் இல்லை. வயசுக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்க்கணும். உழைப்புக்கும் கூலிக்கும் பார்க்கணும். தொழிலில இருக்கிற ஆபத்துக்கும் அதுக்குக் கொடுக்கிற பாதுகாப்புக்கும் பார்க்கணும். பொருந்தினது சேர்ந்தா விளக்கு எரியும். பொருந்தாததைச் சேர்த்தா வீடு எரியும். ரெண்டும் ஒரே நெருப்புதான். சேர்த்து வைக்கிற கைதான் வேற.

பிள்ளை கையில புத்தகம் இருக்கட்டும். தீக்குச்சி செய்யுற வேலை பெரியவங்க கையில, நல்ல கூலியோட, நல்ல பாதுகாப்போட இருக்கட்டும். இதைவிடப் பெரிய பொருத்தம் பத்துப் பொருத்தத்துலயும் கிடையாது.