நெஞ்செரிச்சலா? உணவுக்குழாய் புண்ணை காட்டும் எக்ஸ்ரே எது?

ஸ்ரீபெரும்புதூர்,

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் சிப்காட் தொழிற்சாலைகளில் நைட் ஷிப்டு முடித்து வருபவர்கள், அறைக்கு வந்து சாப்பிட்ட கையோடு படுத்து விடுவது உண்டு. அப்படி படுத்தால் வயிற்றில் உள்ள அமிலம் மேலே ஏறும். இது தொடர்ந்தால் உணவுக்குழாயின் உள்சுவர் வீங்கி புண்ணாகும்.

நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், சோறு நெஞ்சில் அடைப்பது போன்றவை இதன் அறிகுறிகள். ‘ஒரு எக்ஸ்ரே எடுத்து பார்த்துடலாம்' என்று பலரும் நினைப்பார்கள். ஆனால் சாதாரண மார்பு எக்ஸ்ரேயில் இந்த புண் தெரியாது. பேரியம் கலந்த வெள்ளை திரவத்தை குடிக்க வைத்து படம் எடுக்க வேண்டும். இதில் 2 முறை உண்டு.

ஒற்றை முறை

நீர்த்த பேரியத்தை படுத்த நிலையில் குடிக்க குடிக்க படம் எடுப்பார்கள். குழாய் முழுவதும் நிரம்பி விரிவதால் சுருக்கம், அடைப்பு, வயிற்றின் ஒரு பகுதி மேலே ஏறிய ஹெர்னியா ஆகியவை நன்றாக தெரியும். ஆனால் லேசான புண் பேரியத்துக்குள் மறைந்து விடும்.

இரட்டை முறை

முதலில் வாயு உண்டாக்கும் பவுடரும், பிறகு கெட்டியான பேரியமும் கொடுத்து, நிற்க வைத்து படம் எடுப்பார்கள். வாயு குழாயை விரிக்கும். பேரியம் சுண்ணாம்பு அடித்தது போல சுவரில் ஒட்டும். சொரசொரப்பு, சின்னச்சின்ன புண், பூஞ்சை படலம் கூட தெரியும்.

எது நல்லது?

புண்ணுக்கு இரட்டை முறை, சுருக்கத்துக்கு ஒற்றை முறை. அதனால் ஒரே நேரத்தில் இரண்டையும் சேர்த்து எடுப்பதும் உண்டு. ஆனாலும் லேசான புண் இதில் தப்பி விடலாம். ‘எக்ஸ்ரே நார்மல்' என்றால் புண்ணே இல்லை என்று அர்த்தம் இல்லை. எரிச்சல் நீடித்தால் எண்டோஸ்கோபிதான் உறுதி செய்யும். சதை எடுத்து சோதிக்கவும் அதில் முடியும்.

வெறும் வயிறு முக்கியம்

பேரியம் எக்ஸ்ரேவுக்கு முந்தைய இரவு முதல் சாப்பிடக்கூடாது. நள்ளிரவில் கேண்டீனில் சாப்பிட்டு விட்டு காலையில் போனால் படம் சரியாக வராது. லீவு நாளுக்கு மறுநாள் போவது நல்லது. கர்ப்பிணிகள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி விட வேண்டும். படம் எடுத்த பிறகு நிறைய தண்ணீர் குடிக்க வேண்டும். ஓரிரு நாள் மலம் வெள்ளையாக போனால் பயப்பட வேண்டாம்.

சாப்பாடு இறங்காமல் அடைப்பது, எடை குறைவது, ரத்த வாந்தி, கருப்பு மலம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சுவலியுடன் வியர்த்துக்கொட்டினால் வாயு என்று இருந்து விடாதீர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.